ரேஸ் கோர்ஸ் ரோட்டுச் சேனாதிபதி

சேனாதிபதிகளில் இரண்டு ரகம். குதிரைமேல் ஏறிப் போருக்குப் போகிறவர்கள் ஒரு ரகம். அவர்களைப் பற்றிச் சரித்திரப் புத்தகக்காரர்கள் எழுதிக்கொள்ளட்டும், எனக்கு வேலையில்லை. நான் சொல்ல வந்தது மற்ற ரகத்தை. கைலியை மடித்துக் கட்டி, சாப்பாட்டு மேசைமேல் குனிந்து, கட்டைவிரல் உயரமுள்ள ஈயக் குதிரையின் வாலுக்குக் கறுப்புச் சாயம் தீட்டிக்கொண்டு, "போர் எப்ப?" என்று யாராவது கேட்டால் தலையை நிமிர்த்தாமலே "இன்னும் ஒரே ஒரு கோட்டிங் பாக்கி" என்று சொல்கிறாரே, அவரை!

பார்த்திருக்கிறீர்களா? பார்க்காமல் இருக்க முடியாது. ரேஸ் கோர்ஸ் ரோட்டில், கீழே கடையும் மேலே குடித்தனமுமாக இருக்கும் எந்தக் கடைவீட்டின் மாடிப்படியிலும் ஏறிப் பாருங்கள், சாம்பார் வாசனையையும் மீறி டர்பென்டைன் வாசனை வந்தால் அங்கே ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம். நகக்கண்ணில் மூன்று நிறம் இருக்கும். பெருமாள் கோயிலில் கைகூப்பிக் கண் கலங்க நிற்பார். ஐயரும் பக்தி என்று நினைத்துக்கொண்டு ஒரு சொட்டுத் தீர்த்தம் அதிகமாக விடுவார். மனுஷன் பார்த்துக்கொண்டிருப்பதென்னவோ துவாரபாலகர் கதாயுதத்தை எந்தக் கையில், எத்தனை விரலால் பிடித்திருக்கிறார் என்பதை! மளிகைக் கடைக்கு உப்பு வாங்கப் போனால் அங்கே மாட்டியிருக்கும் காலண்டரில் யானையைக் கண்டு அப்படியே நின்றுவிடுவார். காலுக்கு நாலு நகம் என்று மனப்பாடம் செய்துகொண்டு திரும்புவார். உப்பு வராது.

இந்த ரகத்துக்கு எங்கள் மாடியிலேயே ஒரு முழு உதாரணம் இருந்தார். பெயர் வேலாயுதம். துறைமுகத்தில் கிராணி உத்தியோகம். காலையில் கிடங்கு வாசலில் உட்கார்ந்தால் மாலைவரைக்கும் எந்தக் கப்பல் வந்தது, எந்தக் கப்பல் போனது, எதில் எத்தனை மூட்டை என்று குறித்துக்கொண்டிருப்பார். அங்கே பெரிய துரை ஒரு தடவை இருமினால் போதும், இவர் கையிலிருந்து பென்சில் கீழே விழும். அதே மனிதர் சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியதும் சோழ சாம்ராஜ்யத்தின் யானைப்படை, குதிரைப்படை, காலாட்படை மூன்றுக்கும் ஒரே தலைவர். என்ன கம்பீரம்! என்ன அதட்டல்! அதட்டலெல்லாம் ஈயத்திடம்தான். மங்களம் அம்மாளிடம் அது செல்லாது.

மங்களம் அவருடைய மனைவி. கடைகளில் சோழர் படை கிடையாது என்பதால் அந்த அம்மாள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரப் பட்டாளத்து வீட்டில் வாங்கிய ரோமாபுரி ஈயச் சிப்பாய்களை இவர் பழைய பால் டின்னில் போட்டு அடுப்பில் உருக்கி, களிமண் அச்சில் வார்த்து, பற்பசைக் குழாயை வெட்டி இடுப்பில் வேட்டியாகச் சுற்றி, தமிழர்களாக்கிக்கொண்டிருந்தார். ஈட்டிக்கு ஈர்க்குச்சி. வீட்டு விளக்குமாறு நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தது. "எல்லாரு வீட்லயும் விளக்குமாறு கூட்டித் தேயும். நம்ம வீட்ல போருக்குப் போயித் தேயுது" என்று மங்களம் அம்மாள் என்னிடம் சொல்லிச் சிரித்தார். சாப்பாட்டு மேசையைச் சோழர்கள் பிடித்துக்கொண்டதால் அந்தக் குடும்பம் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டது.

சேனாதிபதி என்றால் எதிரி வேண்டாமா? இருந்தார். உயிருக்கு உயிரான எதிரி. சிராங்கூன் ரோட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அப்துல் கஃபார். சோழர்கள் கடல் தாண்டிப் போய் வென்ற கடாரத்தின் படை அவருடையது. வேலாயுதமும் அவரும் ஃபேரர் பார்க் திடலில் பந்து பார்க்கப் போன இடத்தில் சிநேகமானவர்கள். பந்தை விட்டுவிட்டு யானையைப் பற்றிப் பேசத் தொடங்கியவர்கள். இரண்டு படையும் தயாரானதும் மேசையில் போரை நடத்திப் பார்ப்பது என்று அன்றைக்கே ஒப்பந்தம். அடிக்கோலால் அளந்து ஆளை நகர்த்துவது, தாயம் உருட்டி வெட்டுவது, அவ்வளவுதான் விளையாட்டு. நிஜத்தில் ஜெயித்தவர்கள் மேசையிலும் ஜெயிப்பார்களா? இதற்காகத்தான் இத்தனை கூத்தும்.

கஃபார் படையைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். கடைக் கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்டில் அத்தனை பேரையும் ஒரே முக்காக முக்கி எடுத்திருந்தார். மூக்கும் பச்சை, முழங்காலும் பச்சை. கேட்டால், "தூரத்துல நின்னு பாருலா. வீரன் மாதிரி தெரியுதா இல்லியா? அது போதும்" என்பார். அவர் படை முதல் வருஷமே தயார்.

நம்மவர் படையோ? தீபாவளிக்குப் போர் என்பார். தீபாவளி வரும், குதிரைகளுக்குக் கண் இமை வைக்கவில்லை என்பார். பெருநாளுக்குப் போர் என்பார். பெருநாள் வரும், நூல்நிலையத்தில் யாரோ ஒரு பெரியவர் சோழர் சிவப்பு இத்தனை சிவப்பாக இருந்திருக்காது என்று சொல்லிவிட்டாராம், படை மொத்தத்தையும் டர்பென்டைனில் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்குக் கூடத்தைத் தவிர எல்லாம் கோணல். போதாக்குறைக்கு ஒரு சட்டமும் போட்டு வைத்திருந்தார்: வர்ணம் பூசாத எதுவும் மேசை ஏறக்கூடாது. பொத்தான் அளவுக் கேடயமானாலும் சரி, ஏறக்கூடாது!

கஃபார் சிரித்துக்கொண்டே வருஷக்கணக்கில் பொறுத்தார். ஒரு நாள் சிரிக்காமல் மாடி ஏறி வந்தார்.

"வேலா, நான் பினாங்குக்குப் போறேன். மச்சான் கடையைப் பாத்துக்க ஆளில்ல. குடும்பத்தோட கிளம்புறோம். திங்கக்கிழமை கப்பல்."

பிரஷ் அப்படியே நின்றது. "எப்பத் திரும்பி வருவே?"

"வர்றதா இல்லப்பா. இந்த ஞாயித்துக்கிழமை போரை வெச்சிக்கலாம். அத விட்டா இல்ல."

"ஞாயித்துக்கிழமையா? ரெண்டு யானைக்கு இன்னும் ஒரே ஒரு கோட்டிங்..."

"வேலா." கஃபார் அவர் தோளில் கைவைத்தார். "நான் போறேன்லா."

வேலாயுதம் தலையாட்டினார். ஆச்சரியம், அந்த வாரம் அவர் நிஜமாகவே முடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டுமே! மேசையைச் சுவரிலிருந்து இழுத்து நடுக்கூடத்தில் போட்டு, மங்களம் அம்மாளின் நீலப் புடவையை நடுவில் கடலாக விரித்து, இந்தப் பக்கம் நாகப்பட்டினம், அந்தப் பக்கம் கடாரம் என்று சாக்கட்டியால் கோடு கிழித்தாயிற்று. கீழ்க்கடை ஆட்கள்கூடக் கடையைச் சாத்திவிட்டு வந்து நின்றார்கள். சோழப்படை அணிவகுத்தது. ஐயா, நானும் கேலி பேசுகிறவன்தான், ஆனாலும் சொல்கிறேன், அது அழகுதான். ஒவ்வொருவனுக்கும் மீசை. ஒவ்வொரு மீசைக்கும் வேறுவேறு முறுக்கு. யானை நெற்றிப்பட்டத்தில் குன்றிமணியைவிடச் சின்னதாக ஒரு புலி, அதற்கும் கோடு! கஃபார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். "மாஷா அல்லாஹ்! இதுக்கு எத்தன வருஷம் வேணாலும் காத்திருக்கலாம்டா" என்றார்.

தாயம் விழுந்தது. முதல் நகர்வு சோழருக்கு. வேலாயுதம் தொண்டையைச் செருமிக்கொண்டு, அடிக்கோலை எடுத்து, முதல் யானையின் தும்பிக்கைக்கு முன்னால் வைத்தார். கோலின் மறுமுனை நீலப் புடவைமேல் போய் விழுந்தது.

வேலாயுதம் கோலைப் பார்த்தார். கோல் கடலைக் காட்டியது.

"வேலா," என்றார் கஃபார் மெதுவாக, "கப்பல் எங்க?"

இல்லை. கப்பல் இல்லை! ஒன்றுகூட இல்லை! குதிரைக்கு இமை உண்டு, யானைக்கு நகம் உண்டு, குடைபிடிக்கிறவனுக்குக் காதில் கடுக்கன் உண்டு, கடல் தாண்டிப் போய்ப் போரிட வேண்டிய படைக்கு ஒரு தோணிகூட இல்லை. கல்யாணத்துக்கு எல்லாம் தயார், மாப்பிள்ளையைத்தான் காணோம். இதை மறந்தவர் யார்? காலை முதல் மாலைவரை கப்பலைத் தவிர வேறெதையும் பார்க்காத துறைமுகக் கிராணி! கீழ்க்கடை ஆட்கள் சிரித்த சிரிப்பில் புடவைக் கடல் அலையடித்தது.

வேலாயுதத்தின் முகம் அவர் பூசிய சிவப்பையெல்லாம் தோற்கடித்துவிட்டது. "ஒரு வாரம் குடு கஃபாரு. நல்ல தேக்குப் பட்டையில செஞ்சி, பாய்மரம் வெச்சி, பெயிண்ட் அடிச்சி..."

"நாளைக்குக் கப்பல்டா எனக்கு."

"அதுக்காக? கப்பல் இல்லாம எப்படிப் போவேன்?"

கஃபார் தன் படையைக் கொண்டுவந்திருந்த சப்பாத்துப் பெட்டியை எடுத்தார். அதைத் திறந்து, பச்சை வீரர்களை ஒவ்வொருவராக எடுத்து உள்ளே போட ஆரம்பித்தார். ஈயத்தில் ஈயம் பட்டு டொக், டொக் என்று விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை இப்போது. எனக்கு வேலாயுதத்தைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. அட மனுஷா, போகிறவன் உன் சிநேகிதன்!

மங்களம் அம்மாள்தான் எழுந்து குளியலறைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் சோப்பு டப்பாக்கள். மூடியைப் பிரித்துத் தண்ணீரை உதறி, வரிசையாகக் கடலில் வைத்தார்.

"இந்தாங்க கப்பல்."

"மங்களம்! வெளையாடுறியா? வர்ணம் பூசாத எதுவும் மேசை ஏறக்கூடாது!"

"பூசலன்னு யாரு சொன்னா? கடையில வாங்கும்போதே ரோஸ் கலருங்க இது."

வேலாயுதம் ஒரு டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், ரோஸ்தான். சட்டத்தில் ஓட்டையில்லை, அவரே எழுதிய சட்டம். கஃபாரின் கை பெட்டிக்குமேல் அப்படியே நின்றது. சோழர் கப்பற்படை ரோஸ் நிறத்தில், லேசான சந்தன சோப்பு வாசனையுடன் காத்திருந்தது. வேலாயுதம் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பட்டத்து யானையைத் தூக்கி டப்பாவுக்குள் வைத்தார்.

டப்பா கவிழ்ந்தது. யானை மேசையிலிருந்து தரைக்கு உருண்டது. தும்பிக்கை ஒரு பக்கம், யானை ஒரு பக்கம்.

நெற்றிப்பட்டத்தில் புலி இருந்த இடத்தில் வெள்ளை ஈயம் பளிச்சென்று தெரிந்தது. வேலாயுதம் குனிந்து எடுத்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், உடைந்த யானையை அப்படியே அடுத்த டப்பாவில் வைத்தார்.

"என்னலா பாக்குறே?" என்றார் கஃபாரிடம். "உன் ஆளுங்கள வெளிய எடு. உருட்டுறா தாயத்தை!"

அப்புறம் நடந்தது போர். கத்தலென்ன, கைதட்டலென்ன, அடிக்கோலுக்கு இழுபறியென்ன! மங்களம் அம்மாள் போட்ட தேத்தண்ணீர் ஆறுவதற்குள் பச்சைப் பட்டாளம் சோழர்களைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டது. மீசைகள் சாய்ந்தன. சரித்திரம் தலைகீழானது. சாம்ராஜ்யத்தை இழந்த மனிதர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தார். அவரை அப்படிச் சந்தோஷமாக நான் அதற்கு முன்னே பார்த்ததில்லை.

மறுநாள் துறைமுகத்தில் கஃபார் குடும்பத்தை ஏற்றிவிட நானும் போயிருந்தேன். ஏணிப்படியில் கால் வைக்கும்போது கஃபார் திரும்பினார்.

"வேலா, நான் போற எடம் கடாரத்துக்குப் பக்கத்திலதான். இனிமே நீதான் கடல் தாண்டி வரணும். எப்ப வர்றே? வர்ற லீவுக்கு வந்துரு!"

"வராம இருப்பனா? பழிவாங்கணும்ல!" என்றார் வேலாயுதம் மார்பை நிமிர்த்தி. பின்னால் நின்ற கப்பலை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்ப்பவர்போல அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். பார்வை நங்கூரத்தில் போய் நின்றது. எனக்குத் திக்கென்றது.

"வந்துடுறேன் கஃபாரு. கப்பலுங்கள மட்டும் ஒழுங்காச் செஞ்சி, நங்கூரத்துக்கு ஒரே ஒரு கோட்டிங்..."

கஃபார் தலையில் கைவைத்துக்கொண்டே கப்பல் ஏறினார். வேலாயுதம் இன்றைக்கும் ரேஸ் கோர்ஸ் ரோட்டில்தான் இருக்கிறார். நேற்றுக்கூடப் பார்த்தேன். கப்பல் பாய்க்கு வெள்ளை பூசுவதா, பழுப்பு பூசுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நிம்மதியாகவும் இருக்கிறீர்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபிக்காமல் சொல்லுங்கள். மேலே ஓரிடத்தில் யானைக்குக் காலுக்கு நாலு நகம் என்று எழுதினேனே, அங்கே, "முன்காலுக்கு அஞ்சாச்சே, இந்த ஆளுக்கு இதுகூடத் தெரியவில்லையே" என்று உங்கள் உதடு துடித்ததா? அந்த நினைப்பிலேயே கப்பல் இல்லாததைக் கவனிக்காமல் வந்துவிட்டீர்களா?

போச்சு. பரவாயில்லை, மங்களம் அம்மாளிடம் சொல்லி உங்களுக்கும் ஒரு சோப்பு டப்பா வாங்கித் தருகிறேன்.