டேப்பு அண்ணாச்சியின் அலமாரிகள்

ராஜபாளையம் என்றதும் எல்லோரும் நாயைத்தான் சொல்கிறார்கள். டேப்பு அண்ணாச்சி செய்த புத்தக அலமாரி ஒன்றையாவது பார்த்திருந்தால், நாயை இரண்டாவதாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கு ஏதோ உண்டு. ஊரில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பில் எந்நேரமும் ஓர் இஞ்ச் டேப் தொங்கும். கல்யாணப் பந்தியில் இலையை அளந்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார் என்பார்கள். நான் பார்த்ததில்லை, ஆனால் நம்புகிறேன்.

அவரிடம் போய், "நாலுக்கு ஆறில் ஒரு அலமாரி வேண்டும்" என்று கேட்டால் வேலை நடக்காது. "அலமாரி கெடக்கட்டும். நீங்க எப்படிப் படிக்கீங்க? மொதல்ல அதைப் பாக்கணும்" என்பார். வாயால் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். நாலு நாள் வீட்டுக்கே வந்து, ஓர் ஓரமாக உட்கார்ந்து நம்மைப் பார்ப்பார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீல், சட்டப் புத்தகம் எடுக்க நிமிடத்துக்கு ஒருமுறை நாற்காலியை விட்டு எழுந்துகொண்டிருந்தார். அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, ஆண்டாள் கோயில் தேர் மாதிரி அடுக்கடுக்காக ஒன்று செய்து, அடியில் பழைய மில் பேரிங்கைப் பொருத்தினார். வக்கீல் உட்கார்ந்தபடியே ஒரு விரலால் தள்ளினால் போதும். தேர் சுற்றி வந்து, கேட்ட புத்தகத்தோடு நிற்கும். மறுநாளிலிருந்து கட்சிக்காரர்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார்கள். ஒருவர், "சூடம் கொளுத்தலாமா?" என்றே கேட்டிருக்கிறார்.

அதே ஊரில் பால்கோவா கிண்டுகிற ஒருவருக்குத் துப்பறியும் கதை என்றால் உயிர். இரண்டு கையும் துடுப்பில் இருக்கும்போது புத்தகத்தை எப்படிப் பிடிப்பது? சைக்கிள் செயினில் உத்தரத்திலிருந்து இறங்கி, விரித்த புத்தகத்தை முகத்துக்கு நேரே நிறுத்துகிற அலமாரி ஒன்றை மாட்டிக்கொடுத்தார் அண்ணாச்சி. காலால் பெடலை மிதித்தால் பக்கம் புரளும். கதையில் கொலைகாரன் பிடிபட்ட அன்று கிண்டியவருக்குக் கை நின்றுவிட்டது. பால்கோவா செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. "அந்தச் செவப்புக் கோவா இருக்கா?" என்று இன்றைக்கும் ஆள் வருகிறதாம்.

இதையெல்லாம் கேள்விப்பட்டுத்தான் நானும் அவரைக் கூப்பிட்டேன். அப்போது எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் அரசு அலுவலக வேலை, ராஜபாளையத்தில் வாடகை வீடு. என் புத்தகங்கள் மூன்று அட்டைப் பெட்டிகளில் கிடந்தன. வருகிறவர் போகிறவர் பார்வையில் படும்படி முன்னறையில் அடுக்கவேண்டும் என்பது என் ஆசை.

"நீங்க பாட்டுக்கு இருங்க சார். நான் ஒருத்தன் இங்க இல்லன்னே நெனச்சுக்கிடுங்க" என்று மூலையில் உட்கார்ந்தார். இருப்பதிலேயே தடிமனான சரித்திரப் புத்தகத்தை எடுத்து, பென்சிலும் கையுமாக அடிக்கோடு போட ஆரம்பித்தேன். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு நாலு நாளும் போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு படித்தது அந்த வாரம்தான். என் மனைவி வள்ளி வேளாவேளைக்கு அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அண்ணாச்சி எழுந்துபோய் என் பெட்டிகளில் இருந்த புத்தகங்களின் மேல்விளிம்பில் டேப்பை வைத்தார்.

"தூசி மட்டும் ரெண்டு நூல் இருக்கு சார்."

தச்சர் கணக்கில் எட்டு நூல் ஓர் அங்குலம். நூல் என்று அவர் எதைச் சொன்னார் என்று புரிவதற்குள் அடுப்படி வாசலில் போய் நின்றுகொண்டார்.

"தாயி, அந்த அரிசி டின்னுக்குள்ள என்ன?"

வள்ளியின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. "அரிசிதான் அண்ணாச்சி."

"அரிசிய எடுக்கப் போற ஆளு வாயில என்னமோ முனங்கிக்கிட்டே போகுதே? எடுத்துட்டு வந்த பொறவும் செத்த நேரம் முனங்குதே?"

வள்ளி கரண்டியைக் கீழே வைத்தாள். டின்னைத் திறந்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு புத்தகத்தையும் இரண்டு நோட்டுகளையும் எடுத்து மேடைமேல் வைத்தாள். ஆசிரியர் தேர்வுக்கான புத்தகம்.

அவள் அந்தத் தேர்வை இரண்டு தடவை எழுதித் தவறியிருந்தாள். இரண்டாம் தடவை நான், "விடு, உனக்கெதுக்கு இந்த வேலையெல்லாம்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம். அன்றோடு மறந்தும்போனேன். அவள் மறக்கவில்லை, புத்தகத்தை மறைத்துக்கொண்டாள்.

"நாலு நாளா பாக்கேன்" என்றார் அண்ணாச்சி, டேப்பைச் சுருட்டியபடி. "இந்த வீட்டுல படிக்கிற ஆளு ஒருத்தர்தான். அது நீங்க இல்ல சார்."

எனக்குக் கோபம்தான் வந்தது. யாரிடம் கோபப்படுவது என்று தெரியாததால் குளிக்கப் போய்விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அலமாரி வந்தது. முன்னறைக்கு அல்ல, அடுப்படிக்கு. அடுப்புக்கும் சன்னலுக்கும் நடுவில் ஒரு முழ அகலத்துக்குச் சும்மா கிடந்த சுவரில் தரைமுதல் கூரைவரை எழுப்பியிருந்தார். எண்ணெய் படாமல் கண்ணாடிக் கதவு. விரித்த புத்தகத்தை வள்ளியின் கண்மட்டத்தில் பிடித்துக்கொள்ளும் ஒரு பலகை, ஆவி வரும்போது விரலால் தள்ளினால் நகர்ந்துகொள்ளும். கீழே மடக்கு இருக்கை. "நின்னுக்கிட்டே படிச்சா கால் கடுக்கும்லா தாயி" என்றார். வள்ளி அந்தப் பலகையைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு அண்ணாச்சி?" என்றேன்.

அடுப்புக்கு நேர் எதிரே ஒரு முக்காலியைப் போட்டார். "இது உங்களுக்கு. பாலு பொங்காம பாத்துக்கிடுங்க."

பார்த்துக்கொண்டேன். முதல் வாரம் மூன்று தடவை பொங்கவிட்டேன். பிறகு பாலோடு சோறும் ரசமும் என் பொறுப்பில் வந்து சேர்ந்தன. பக்கத்தில் வள்ளி முணுமுணுப்பை விட்டுவிட்டு வாய்விட்டே படித்தாள். மறு வருடம் தேறினாள். வத்திராயிருப்புப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது.

செய்தி சொல்ல இருவரும் அண்ணாச்சி வீட்டுக்குப் போனோம். மதிப்பெண் எத்தனை என்று அவர் கேட்கவில்லை.

"பிள்ளைக எங்க வச்சு வாசிக்கிதுக தாயி?"

"தரையில, குப்புறப் படுத்துக்கிட்டு" என்றாள் வள்ளி.

"அப்ப நேர்ல பாக்கணும்லா" என்று எழுந்துவிட்டார்.

நாலு நாள் அந்தப் பள்ளிக்கூடத்திலும் போய் உட்கார்ந்தார். பிறகு, நீளமாகத் தரையோடு தரையாக, முழங்கை ஊன்றும் உயரத்துக்கு ஓர் அலமாரி செய்தார். ஆற்று வளைவு மாதிரி வகுப்பறையைச் சுற்றிப் போகும். ஒவ்வொரு வளைவிலும் ஒரு பிள்ளை படுத்துக்கொள்ளலாம். அதை இறக்கி வைத்த அன்று நானும் கூடப் போயிருந்தேன். பிள்ளைகளுக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. ஓடி வந்தார்கள், ஆளுக்கொரு வளைவில் விழுந்தார்கள், படித்தார்கள். அத்தனை பேர் இருந்த அறையில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. அண்ணாச்சி வாசலில் நின்று டேப்பை இழுப்பதும் விடுவதுமாக இருந்தார். எதையும் அளக்கவில்லை.

வள்ளிக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை இருந்தது. திரும்பும் பஸ்ஸில் நாங்கள் இருவர்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும் முன்பே அண்ணாச்சி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். கை மரத்துப்போயிற்று, நான் அசையவில்லை. ராஜபாளையம் வந்ததும் கண்டக்டர் குனிந்து, "எறங்கணும் சார், எழுப்புங்க. அவிய உங்க அண்ணனா?" என்றார்.

"ஆமா" என்றேன்.