நாலு குளம்புக்கு நாலு எலுமிச்சம்பழம்

ஆயர் ஹீத்தாம்,
புதன்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் நல்லமுத்து அவர்களின் சமூகத்துக்கு, சுகுமாரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் தங்கள் தங்கை ரமணியும் நலம். நிபோங் திபாலில் தாங்கள் சுகமாக இருக்கவும், அக்காவின் முழங்கால் வலி இந்நேரம் பாதியாவது குறைந்திருக்கவும் முருகனை வேண்டுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் சொல்லி முடிப்பதற்குள் தாங்கள் சிரித்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான்: நான் ஒரு குதிரையைக் குத்தகைக்கு எடுக்கப்போகிறேன்.

பதறவேண்டாம், விலைக்கு இல்லை. வாரத்தில் மூன்று நாள் குதிரை நம்முடையது, மற்ற நாளெல்லாம் கொட்டகைக்காரருடையது. பாலிக் புலாவ் பக்கம் ஆசியா பீவி என்கிற அம்மா நாலு குதிரை வைத்துச் சவாரி கற்றுக்கொடுக்கிறார். ஃபேக்டரியில் ஓய்வு பெற்ற மறுவாரமே நான் அங்கே போய்ச் சேர்ந்தேன், அஞ்சு மாசமா பழகுறேன், இதுவரைக்கும் ரெண்டே தடவைதான் விழுந்திருக்கேன், அதுல ஒண்ணு குதிரை சும்மா நிக்கும்போது, அதைக் கணக்குல சேர்க்கக்கூடாது. குதிரை பேரு கோப்பி. மாசம் எழுநூறு வெள்ளி, ஆறு வாரத்துக்கு ஒருதரம் லாடம் அடிக்கிற செலவுல பாதி, வைத்தியச் செலவுல பாதி. நம்ம நாள்ல மழை பெஞ்சாலும் காய்ச்சல் அடிச்சாலும் நாமதான் போய் உடம்பைத் தேய்ச்சு விட்டு, குளம்பைச் சுரண்டி, சாணி அள்ளணும். ஆசியா பீவி நேராவே சொல்லிட்டாங்க: "அண்ணே, இது கெரேத்தா இல்ல லா. சாவியை உருவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்க முடியாது." அதைக் கேட்டதும் எனக்கு ஆசை இன்னும் ஏறிடுச்சு மச்சான். முப்பத்தொரு வருஷம் ஃபேக்டரியில நான் லீவு போட்டா வேற ஒருத்தன் மெஷினை ஓட்டினான். இங்க நான் போகாட்டி ஒரு ஜீவன் வழி பார்த்துக்கிட்டு நிக்கும்.

இடைஞ்சல் ஒண்ணே ஒண்ணு, உங்க தங்கச்சி. "மூணு மீனை உயிரோட வெச்சுக்கத் தெரியாத மனுஷனுக்குக் குதிரை கேக்குதா"ன்னா. நேர்ல பார்த்தா மனசு மாறும்னு ஞாயித்துக்கிழமை கூட்டிக்கிட்டுப் போனேன், அங்கதான் தப்பு பண்ணிட்டேன். மோட்டார் சைக்கிளோ காரோ, நம்ம வீட்டுல பூசை போடாம எதையாவது ஓட்டினது உண்டா? அதனால மாலை, சூடம், நாலு குளம்புக்கும் கீழே வெக்க நாலு எலுமிச்சம்பழம், எல்லாம் கொண்டுபோனேன். முதல் காலைத் தட்டினதும் கோப்பி மரியாதையாத் தூக்கிச்சு, பழத்தை வெச்சேன், மிதிச்சுது. ரெண்டாவதும் அப்படியே. மூணாவது பழத்துக்கு நான் குனிஞ்சேன், அது என் தோள்ல கிடந்த மல்லிகை மாலையைத் திங்க ஆரம்பிச்சிடுச்சு. "சாமி பூ, சாமி பூ"ன்னு நான் கத்துறேன். ரமணி ஓடிவந்து, "பூ போனா போகுது, நூல் வயித்துக்குள்ள போயிடும்"னு வாய்க்குள்ள கையை விட்டு ஒரு முழம் நூலை உருவி எடுத்தா. அதோட விடலை, காதைப் பிடிச்சு நல்லாத் திட்டினா. கோப்பி தலையைக் குனிஞ்சு முழுசும் கேட்டுக்கிச்சு, நான்கூட அவ்வளவு பொறுமையாக் கேட்டதில்லை. கோப்பியை டாக்டர் வந்து பார்த்ததுக்கு நூத்தெண்பது வெள்ளி. வர்ற வழியெல்லாம் ரமணி ஒரு வார்த்தை பேசலை, மூணு நாளா அதே மௌனம்தான்.

வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போடணும், இல்லாட்டி வேற ஆளுக்குப் போயிடும். ரமணி உங்க பேச்சை மட்டும்தான் தட்டமாட்டா. ஒரு போன் போட்டு அவளைச் சம்மதிக்க வையுங்க. எனக்கு வயசு ஐம்பத்தெட்டு, இதை விட்டா எனக்கு வேற ஆசையே இல்லை மச்சான்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. தண்ணீர்மலை முருகன் தங்கள் இல்லத்தைக் குறைவில்லாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

பணிவுடன்,
சுகுமாரன்

பி.கு.: மச்சான், போன் போடுங்க, ஆனா மேலே எழுதினதுக்கு இல்லை. உறையை ஒட்டப்போற நேரத்துல ஆசியா பீவி கூப்பிட்டாங்க. உங்க தங்கச்சி காலையில தனியா பஸ் ஏறிப் போய், தன் பேர்லயே கையெழுத்துப் போட்டு, தன் சேமிப்புலேருந்து ஆறு மாசக் குத்தகையும் கட்டிட்டாளாம். மூணு நாளும் சவாரி அவளுக்கு. சாணி அள்ளுறதுக்கு என் பேரைக் கொடுத்திருக்கா. இப்ப என் பழைய பேன்ட்டைப் போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னால சிரிச்சுக்கிட்டு நிக்கிறா, எங்க கல்யாணப் போட்டோவுலகூட அந்தச் சிரிப்பு இல்லை, அதனால எனக்குக் கேக்க வாய் வரலை. சனிக்கிழமையில ஒரு மணி நேரமாவது எனக்கு விடச் சொல்லி, நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லணும்.