அடுத்த ஏரிக்காரர்

அடுத்த ஏரிக்காரர் என்றொரு பிராணி உண்டு. வெயில் காலம் தொடங்கி விடுமுறையும் விட்டுவிட்டால் வெளியே வரும். காரின் கூரையில் அடுப்பு, மடக்கு நாற்காலிகள், படுக்கைச் சுருட்டு, பத்துப் பேருக்குப் போதுமான கயிறு எல்லாவற்றையும் ஏற்றிக் கட்டி, பெண்டாட்டி பிள்ளையை உள்ளே திணித்து, ஏரிக்கரை ஊர்களாகப் பார்த்துக் கூடாரம் போடப் புறப்படும். சாதுவான பிராணிதான், கடிக்காது. ஆனால் எங்கேயும் தங்காது. நிற்கும், இறங்கும், சுற்றிப் பார்க்கும், மறுபடியும் ஏறிக்கொள்ளும்.

நீங்கள் இவரைப் பார்த்திருப்பீர்கள். காலிப் பேருந்தில் ஏழு இருக்கை மாறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, கூட்டம் ஏறியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வருகிறவர் இவர்தான். ஓட்டலில் பக்கத்து மேசையைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டே தன் தட்டை ஆறவிடுகிறவரும் இவர்தான். உலகத்தில் எது நல்லதோ அது இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கிறது என்பது இவருடைய மதம்.

இந்த இனத்தில் முதல்தரமான மாதிரி ஒன்று எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது. என் அத்தான். என் அக்காவை இவர் முதல் பார்வையிலேயே சம்மதித்துக் கட்டிக்கொண்டது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அன்றைக்குக் காய்ச்சலாக இருந்திருக்க வேண்டும்.

அத்தானுக்குக் கண்ணாடிக் கடை. வருகிறவரை இருட்டறையில் உட்காரவைத்து, மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்பது வேலை. இரண்டாவது வில்லையிலேயே எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது என்று யாராவது சொல்லிவிட்டால் அத்தானின் முகம் தொங்கிவிடும். எதற்கும் இன்னொன்று பார்த்துவிடலாம் என்பார். பதினோராவது வில்லையில் அந்த மனிதருக்கு எழுத்தும் தெரியாது, எழுத்து மாட்டியிருக்கிற சுவரும் தெரியாது.

இந்த வருஷப் பயணம் அக்காவுக்காகத்தான் கிளம்பியது. அக்கா நூலகத்தில் வேலை பார்க்கிறாள். படியில் வழுக்கி விழுந்து, கணுக்கால் முறிந்து, இரண்டு மாதம் மாவுக்கட்டோடு கிடந்தாள். கட்டைப் பிரித்த அன்று அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஏதாவது ஒரு ஏரியில, சாயங்கால வெயில்ல, ஒரு மணி நேரம் காலைத் தண்ணியில விட்டுட்டு உக்காரணும். வேற எதுவும் வேணாம்."

இது ஒரு பெரிய ஆசையா? மூன்று நாள் விடுமுறை, வழியெல்லாம் ஏரி. தவளைக்குக் கிடைப்பது ஒரு மனுஷிக்குக் கிடைக்காதா? கிடைக்காது. வண்டியை ஓட்டுகிறவர் அத்தான்.

முன்னால் அவரும் அக்காவும், பின்னால் அவர்களுடைய பதினான்கு வயது மகளும் நானும். கூரையில் இடம் இல்லாததால் கூடாரம் என் மடியில். முதல் நாள் மதியம் முதல் ஏரி வந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், படம் வரைகிறவன்கூட அவ்வளவு தாராளமாக வரைய வெட்கப்படுவான். வயதான மரம் ஒன்று, அதன் நிழலில் பாய் விரித்த மாதிரி புல், தண்ணீருக்குள் மெதுவாக இறங்கும் தட்டைப் பாறை. ஈ காக்கை இல்லை. அக்கா செருப்பையே கழற்றிவிட்டாள்.

அத்தான் இறங்கினார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நாலு திசையும் பார்த்தார். பிறகு தண்ணீர் பாட்டிலைப் புல்லில் படுக்கப் போட்டு, அது உருளுகிறதா என்று குனிந்து கவனித்தார். அரை அங்குலம் உருண்டது. அவ்வளவுதான், தரை சரிவு, படுத்தால் ரத்தமெல்லாம் தலைக்கு ஏறும். மரம் இருக்கிறதே என்றேன். மரம் இருந்தால் இலை விழுமாம். அப்புறம் அவர் சொன்னதுதான் உச்சம். இவ்வளவு நல்ல இடத்தில் ஒருத்தரும் இல்லை என்றால் என்ன அர்த்தம், ஏதோ கோளாறு இருக்கிறது.

"பரவாயில்ல, மோசம்னு சொல்ல வரல. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா இதைவிட நல்லா இருக்கும்."

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

இரண்டாவது ஏரியில் ஆள் இருந்தது. ஆள் இருந்தால் சத்தம். மூன்றாவதில் சத்தம் இல்லை, ஆனால் சூரியன் நேராகக் கண்ணில் அடித்தது, சூரியனை நகர்த்த முடியாததால் நாங்கள் நகர்ந்தோம். நான்காவது ஏரி வட்டமாக இருந்தது. வட்டமான ஏரியில் என்ன குற்றம் என்று நான் கேட்டேன், அதற்கு அவர் பார்த்த பார்வையில் பள்ளிக்கூடத்து ஞாபகம் வந்துவிட்டது. இப்படி ஏரி ஏரியாக நொட்டை சொல்லிக்கொண்டே போனால் பொழுது சாயாமல் இருக்குமா? முதல் நாள் கூடாரம் போட்டது பெட்ரோல் பங்குக்குப் பின்னால், பழைய டயர்களுக்கு நடுவில். இரண்டாவது நாள் ஒரு மரக்கிடங்கின் சுவரோரம். தரை சிமென்டு, முளை இறங்கவில்லை, கூடாரத்தைக் காரின் கதவுக் கைப்பிடியில் கட்டினோம். அங்கெல்லாம் அத்தான் பாட்டிலை உருட்டிப் பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வேறு வழியே இல்லாத இடத்தில் இவரைப் போல அனுசரித்துப் போகிறவர் கிடையாது. தேர்ந்தெடுக்க ஒன்று இருந்தால்தான் கெட்டது.

போகிற ஊரில் எல்லாம் இவர் விசாரிப்பதும் உண்டு. இந்த ஊரில் என்ன விசேஷம் என்று கேட்க மாட்டார், அடுத்த ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்பார். மூன்றாம் நாள் மதியம் ஆறாவது ஏரியில், படகு வாடகைக்கு விடுகிற ஒருவரைப் பிடித்தார். இந்த வட்டாரத்திலேயே கூடாரம் போடச் சிறந்த கரை எது? அவர் யோசிக்கவே இல்லை. வயதான மரமாம், புல்தரையாம், தட்டைப் பாறையாம், ஒரு தொல்லையும் இல்லையாம். மகள் என் பக்கம் திரும்பினாள். நான் மடியிலிருந்த கூடாரத்தைப் பார்த்துக்கொண்டேன். அத்தான் மட்டும் ஏதோ புதையல் கிடைத்தவர் போல வழி கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார்.

வெட்கப்பட்டாரா? ஒரு பொட்டுக்கூட இல்லை. வந்த வழியே ஐந்து மணி நேரம் திரும்பி ஓட்டினார். அத்தனை ஏரியும் பார்த்த பிறகு முடிவு செய்வதுதான் புத்திசாலித்தனம் என்று வழி நெடுக விளக்கிக்கொண்டு வந்தார். அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். மறுநாள் காலை அவள் நூலகத்தைத் திறக்க வேண்டும். இன்னும் ஒரே ஒரு சாயங்காலம்தான் பாக்கி.

போய்ச் சேர்ந்தபோது மரத்தடியில் வேறொரு குடும்பத்தின் கூடாரம் இருந்தது. ஓர் அம்மாளும் இரண்டு குழந்தைகளும் பாறையில் உட்கார்ந்து கால்களைத் தண்ணீரில் அளைந்துகொண்டிருந்தார்கள். வெயில் மஞ்சளாகி, இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் மிச்சம் இருந்தது. அத்தான் வண்டியை நிறுத்தினார், ஆனால் எஞ்சினை அணைக்கவில்லை.

"இடம் போயிடுச்சு. அந்த வளைவுக்கு அந்தப் பக்கம் இதே மாதிரி இன்னொண்ணு கண்டிப்பா இருக்கும்."

அக்கா கதவைத் திறந்தாள். ஊன்றுகோலை வெளியே வைத்து, மெதுவாக இறங்கி நின்றாள். அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை. கடைக்கு அனுப்புகிற குரலில் சொன்னாள்.

"நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. நல்லா இருந்தா அங்கேயே இருந்துக்குங்க."

மகளும் இறங்கி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அந்த அம்மாளிடம் போய் ஏதோ கேட்டார்கள். அவள் சிரித்துக்கொண்டே நகர்ந்து இடம் கொடுத்தாள். அக்கா உட்கார்ந்து, அந்த மெலிந்த வெளுத்த காலை இரண்டு கையாலும் தூக்கித் தண்ணீரில் இறக்கியதை நான் கார்க் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். ஏனென்றால் அத்தான் போனார். உண்மையிலேயே வளைவைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் அவரோடு போனேன். மடியில் கூடாரம் இருந்தது, அதனால் இறங்க முடியவில்லை என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அது பச்சைப் பொய். மூன்று நாள் வயிறெரியத் திட்டிக்கொண்டு வந்த எனக்கு, அந்த நிமிஷத்தில், வளைவுக்கு அந்தப் பக்கம் என்னதான் இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும் போல இருந்தது.

வளைவுக்கு அந்தப் பக்கம் ஜல்லி உடைக்கிற ஆலை இருந்தது. அதைத் தாண்டி இன்னொரு வளைவும் இருந்தது. அதையும் பார்த்துவிட்டுத் திரும்பியபோது வெயில் போய்விட்டது. அக்கா கால்களைத் துடைத்துக்கொண்டு செருப்பு மாட்டியிருந்தாள். இரண்டு மாதமாக அவள் முகத்தில் நான் பார்க்காத ஒரு நிம்மதி இருந்தது. அதில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு பங்கும் இல்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. நடுவில் எத்தனை தடவை பக்கத்தைப் புரட்டி, இன்னும் எவ்வளவு இருக்கிறது, அடுத்து வருகிற கட்டுரை இதைவிட நன்றாக இருக்குமோ என்று பார்த்தீர்கள் என்பதை நான் கேட்கப்போவதில்லை. ஒரு தகவல் மட்டும் சொல்லி வைக்கிறேன். அடுத்த கோடைக்கு அக்கா எங்களோடு வரமாட்டாளாம், மகளோடு பேருந்தில் அந்தப் பாறைக்கே போகிறாளாம். எங்கள் வண்டியில் முன் இருக்கை காலி. நீங்கள் வரலாம்.