சம்பந்தியம்மாள் விரித்த துண்டு

திருவொற்றியூர் குப்பம்,
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய சம்பந்தியம்மாள் ஞானபாக்கியம் அவர்களுக்கு, வினிதாவின் அம்மா பவுனம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. உங்கள் கர்த்தர் கிருபையால் நீங்களும், எங்கள் வடிவுடையம்மன் புண்ணியத்தில் நாங்களும் சுகம். மாப்பிள்ளை எபினேசர் சுகம்தானே, யானைக்கவுனியில் உங்கள் சோபாத் துணிக்கடை சுகம்தானே, வயிற்றுப் பிள்ளையோடு என் மகளும் சுகம்தானே. போனில் சொல்ல வேண்டியதை இவள் ஏன் கடிதமாக எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். என் தொண்டை காசிமேட்டில் முப்பது வருஷம் மீன் ஏலம் போட்ட தொண்டை. மெதுவாகப் பேசினாலே சண்டை போடுகிற மாதிரி இருக்கும், இப்போது நிஜமாகவே கோபமாக வேறு இருக்கிறேன். எட்டாவது வரை படித்தது இதற்காவது உதவட்டும்.

விஷயம் அந்தத் துண்டு. போன மாசம் நீங்கள் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். கல்யாணத்துக்கு நீங்களே அனுப்பிய சோபா, உங்கள் கடைத் துணியே போட்ட சோபா, அதில் உட்காரச் சொன்னேன். நீங்கள் பையிலிருந்து ஒரு பூப்போட்ட துண்டை எடுத்து, நாலாக மடித்து, சோபாவில் விரித்து, அதன் மேல் உட்கார்ந்தீர்கள். துண்டின் மேலேயே இருந்து காபி குடித்தீர்கள். கிளம்பும்போது துண்டை மறக்காமல் பையில் வைத்துக்கொண்டு, "வினிதாவுக்குப் பிரசவம் எங்க வீட்டுலயே ஆகட்டும், என்ன? அதுதான் எல்லாருக்கும் சௌகரியம்" என்றீர்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் இல்லாமல் வேறு எங்கே நடக்கும்? எனக்கு இருப்பது ஒரே பெண். நீங்கள் தெருமுனை தாண்டியதும் சோபாவில் மூக்கை வைத்து மோந்து பார்த்தேன். ஒரு வாடையும் தெரியவில்லை. முப்பது வருஷம் மீன் வாடையிலேயே கிடந்தவளுக்கு எப்படித் தெரியும்? என் வீட்டுக்காரர் தேசப்பனைக் கேட்டேன். அவர் போட் இன்ஜின் மெக்கானிக், டீசல் தவிர வேறு வாடை அவருக்கு ஏறாது. ஆனாலும், "மீன் கவிச்சி அடிக்குதுன்னு துண்டு போட்டுகினாங்கோ, வேற இன்னாத்துக்கு" என்றார்.

சரி, கவிச்சியைப் போக்கிவிட்டால் பெண்ணை அனுப்பித்தானே ஆகவேண்டும் என்று வேலையில் இறங்கினேன். நீங்கள் அனுப்பிய செட்டில் பெரிய சோபா வெல்வெட், ஒற்றை நாற்காலி ஒன்று லினன், இன்னொன்று ரெக்சின். வெல்வெட் குஷனைத் தூக்கினால் அடியில் ஒரு சின்னத் துணிச்சீட்டு, அதில் சிவப்பாக ஒரு எக்ஸ். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏனென்று உங்களுக்குத் தெரியாது. மார்க்கெட்டில் ஒவ்வொருத்தியின் மீன் கூடைக்கும் ஒரு குறி உண்டு. பக்கத்தில் விற்கிற சிவந்தியின் கூடைக்கு வட்டம், என் கூடைக்குச் சிவப்புப் பெயின்டில் எக்ஸ். சம்பந்தியம்மாள் விசாரித்து, என் குறியையே போட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். என் குறி போட்டது என் பொருள், எப்படி வேண்டுமானாலும் கழுவலாம். வஞ்சிரத்துக்குக் கவிச்சி போக என்ன செய்வேனோ அதையே செய்தேன், மஞ்சள், கல்லுப்பு, எலுமிச்சம்பழம், ஒரு பக்கெட் தண்ணீர், கூடை தேய்க்கிற பிரஷ். நீங்கள் அனுப்பியது பால் நிற வெல்வெட். இப்போது அது காமாலை வந்த மாதிரி இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் மஞ்சள். பொசுபொசு என்று நின்றதெல்லாம் படுத்துக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது. லினன் நாற்காலிச் சீட்டில் எஸ் என்று இருந்தது. எஸ் என்றால் சோப்பு, வேறென்ன. உறையைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கும்மினேன். காய்ந்ததும் அது சுருங்கிப்போய், குஷன் பாதிக்கு மேல் உள்ளே போகவில்லை. ரெக்சினை நான் தொடவே இல்லை, அது வீட்டுக்காரர் கைங்கரியம். "பிசுக்குக்கு டீசல்தான்மே கரெக்டு" என்று துடைத்து, வெயிலில் வேறு வைத்தார். ரெக்சின் வெடித்துவிட்டது, வெடிக்காத இடத்தில் கன்டெய்னர் லாரி கிளப்பிய தூசி அப்பிக்கொண்டது. அந்த நாற்காலிப் பக்கம் விளக்கேற்றவே பயமாக இருக்கிறது.

டோல்கேட்டில் ஆட்டோவுக்கு சீட் தைக்கிற நவ்ரீனைக் கூட்டிவந்து காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டாள். "இன்னாக்கா இப்டி கலீஜ் பண்ணி வெச்சிகீற? அது துணிய எப்டி சுத்தம் பண்ணணும்னு கம்பெனிகாரன் போடுற குறி. எக்ஸ்னா தண்ணியும் கூடாது, மருந்தும் கூடாது. மெத்துனு ஒரு பிரஷ்ஷால தூசி தட்டி, ஒரே பக்கமா நீவணும், அவ்ளோதான். எஸ்னா தண்ணி காட்டாம டிரை கிளீனிங் மருந்துல துடைக்கணும். ரெக்சினுக்கு ஈரத்துணி போதும். எதுல கறை பட்டாலும் ஒத்தி எடுக்கணும்க்கா, தேய்க்கக் கூடாது" என்றாள். அப்போ அந்த எக்ஸ் என் குறி இல்லையா என்று கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்காக யாரோ ஒருத்தர் மெனக்கெட்டார்கள் என்று ஒரு மத்தியானம் முழுக்க நினைத்துக்கொண்டு தேய்த்தேனே, அதுதான் வலிக்கிறது.

சம்பந்தியம்மா, நேராவே கேக்குறேன். அந்தக் கவிச்சிலதான் உங்க மருமவ எம்.காம். வரைக்கும் படிச்சா. ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை உங்க வூட்டுக்கு வஞ்சிரம் அனுப்புறது யாரு? உங்க கொழம்புல இருந்தா வாசனை, எங்க சோபாவுல இருந்தா நாத்தமா? இந்த சோபாவே எங்களுக்கு வாணாம். உங்க கடை வண்டிய அனுப்பி மூணையும் தூக்கிகினு போங்கோ, நாங்கோ பாய்ல ஒக்காந்துக்கிறோம். வர வண்டியில என் பொண்ண ஏத்தி அனுப்புங்கோ. எனக்கு அது போதும்.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். வினிதாவை வேளைக்குச் சாப்பிடச் சொல்லவும். வயிற்றில் இருப்பதற்கு உங்கள் சாமியும் எங்கள் சாமியும் துணை. உங்களுக்கு மரியாதை மட்டும்.

இப்படிக்கு,
பவுனம்மாள்.

பி.கு.: கவரை ஒட்டப்போகிற நேரத்தில் வினிதா போன் செய்தாள். துண்டு விஷயத்தைச் சொல்லி அழுதுவிட்டேன். அப்போதுதான் உண்மையைச் சொன்னாள். "யம்மா, அத்தைக்கு இருமினாலே, தும்மினாலே ஒண்ணுக்கு அடக்க முடியலம்மா. சர்ச்சுலகூட துண்டு போட்டுதான் ஒக்காருவாங்க. நம்ம சோபா கறையாயிடக் கூடாதுன்னுதான் போட்டாங்க. நான் அங்க வந்தா, கொழந்தையப் பாக்க அவங்களும் வந்து தங்கணும். படுக்கை நனைஞ்சிட்டா மானம் பூடுமேன்னுதான் இங்கியே ஆகட்டும்னாங்க." அவளைத் திட்டாதீர்கள், நான் அழுததைத் தாங்காமல் சொல்லிவிட்டாள். மூன்று நாள் எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை. அதனால் மேலே உள்ள எதையும் படிக்காமல் இதை மட்டும் படிக்கவும். எனக்கும் ஐந்து வருஷமாக அப்படித்தான், ஐஸ் பெட்டி தூக்கித் தூக்கித் தளர்ந்த உடம்பு. ஏலத்தில் உச்சத்துக்குக் கத்துகிறபோது என் புடவைக்குள்ளும் ஒரு துண்டு மடித்து இருக்கும். என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது, இன்றைக்குத்தான் ஒருத்தரிடம் சொல்கிறேன். வினிதாவோடு நீங்களும் வந்து தங்குங்கள். சோபா தண்ணீர், மஞ்சள், டீசல் எல்லாம் குடித்தாயிற்று, இனி அதற்காகப் பயப்பட ஒன்றும் இல்லை. துண்டு எடுத்துவர வேண்டாம், என்னுடையதில் ஒன்று தருகிறேன்.