பம்ப் பத்திரமாக இருக்கிறது

பழைய ஜீப் வைத்திருப்பவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். வண்டியைத் துடைத்துக்கொண்டே இருப்பவர், தள்ளிக்கொண்டே இருப்பவர், அடுத்த மாதம் விற்கப்போகிறேன் என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டே இருப்பவர் என்று அவர்களில் பல ரகம். இங்கே சொல்லவிருப்பது அவர்களைப் பற்றி அல்ல. இன்னொரு இனம் இருக்கிறது. வண்டிக்கு வேண்டிய பார்ட்டைத் தேடி ஊர் ஊராக அலைவார், நாய் படாத பாடு படுவார், கடைசியில் எப்படியோ கண்டுபிடித்து வாங்கியும் விடுவார். ஆனால் மாட்ட மாட்டார். மாட்டினால் தேய்ந்துவிடுமே!

நம்ம ஆளுக்குத் தெருவில் வைத்த பெயர் ‘ஒரிஜினல்’. மருந்துக்கடை வைத்திருக்கிறார். அவருடைய ஜீப் அவரைவிட நாலு வயது மூத்தது. நாலு சக்கரமும் இழுக்கும். சேறோ கல்லோ ஆற்று மணலோ எதற்கும் அசராது. ஒரே ஒரு குறை, தண்ணீர் பம்ப் ஒழுகும். என்ஜின் சூடாகாமல் இருக்க அதைச் சுற்றித் தண்ணீரை ஓட்டிக்கொண்டிருக்கும் உறுப்பு அது. அது ஒழுகினால் என்ஜின் கொதிக்கும், கொதித்தால் நிறுத்த வேண்டும், நிறுத்தினால் ஆறும்வரை காத்திருக்க வேண்டும், ஆறியபின் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஊற்றியபின் அடுத்த மேட்டில் மறுபடி கொதிக்கும். ஆகவே முன்சீட்டில் உட்காரும் அவர் மனைவியின் காலடியில் எப்போதும் இரண்டு கேன் தண்ணீர், மடியில் ஒன்று. அந்த அம்மாள் பள்ளிக்கூட ஆசிரியை.

“நான் பொண்டாட்டியா வந்தேனா, தண்ணி லாரிக்குக் கிளீனரா வந்தேனா?” என்று அவர் கேட்டதுண்டு. 

புதுப் பம்ப் வாங்கி மாட்டினால் என்ன? நல்ல கேள்வி. ஆனால் இதை ஒரிஜினலிடம் கேட்டுவிட்டு ஒரு மணி நேரத்துக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஜீப்பிலேயே முதல் இரண்டு வருடத்து வண்டிக்கு ஒரு பம்ப், பிறகு வந்ததற்கு வேறு பம்ப். அவருடையது முதல் ரகம், கடையில் கிடைப்பது பிறகு வந்தது. அதை மாட்டினால் அரை அங்குலம் இடித்து ஃபேன் ரேடியேட்டரைக் கிழிக்கும். டூப்ளிகேட் ஒன்று உண்டு. அதன் பெயரைச் சொன்னாலே அவருக்கு வாய் கசக்கும். பம்ப்பின் நாலு போல்ட் ஓட்டைகளின் இடத்தையும் அச்சாக வெட்டிய ஓர் அட்டைத் துண்டு எந்நேரமும் அவர் சட்டைப்பையில் இருக்கும். எங்கே பழைய என்ஜினைக் கண்டாலும் அட்டை வெளியே வந்துவிடும். ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன வீட்டின் பின்பக்கத்தில், ஒரு பழைய டிராக்டர் முன்னால் அவர் மண்டியிட்டுக் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். இறந்தவர்மீது இத்தனை பாசமா என்று உறவினர்கள் உருகிப்போய் அவரைத் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். நாலு ஓட்டையில் மூன்று பொருந்தியிருந்தது.

இப்படி எட்டு வருடம் தேடி, மூன்று வருடத்துக்கு முன்னால், இழுத்து மூடப்போகிற ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் பரணில், எலி கடித்த பெட்டிக்குள், எண்ணெய்க் காகிதம் சுற்றியபடி அவருக்குப் பம்ப் கிடைத்தது. ஒரிஜினல்! சீல் உடையாதது! மெக்கானிக் ஸ்பேனரோடு ஓடிவந்தார்.

“அரை மணி வேல சார். மாட்டிடலாமா?”

“மாட்டிட்டா?”

“மாட்டிட்டா ஒழுகாது சார்.”

“ஒரு நாள் இதுவும் போயிடுச்சுன்னா? அப்புறம் நான் எங்க போவேன்?”

மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போனார். பம்ப் ஒரு தகரப் பெட்டிக்குள் போனது. வீட்டில் வைத்தால் திருட்டுப் பயம், கடையில் வைத்தால் தூசிப் பயம் என்பதால் அவர் போகும் இடமெல்லாம் பெட்டியும் கூடவே போகும். பார்க்க ஆசைப்பட்டவர்களுக்குக் காகிதத்தை விலக்கிக் காட்டுவார். “தொடாதீங்க, வேர்வை பட்டா துரு ஏறிடும்” என்பார். இதையெல்லாம் அவர் காட்டியது, கொதித்து நின்ற ஜீப்பின் பக்கத்தில் நின்றுகொண்டுதான் என்பதைக் கவனியுங்கள்.

இந்த நிலையில்தான் மனைவிக்கு உத்தரவு வந்தது. மலைமேல் உள்ள பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியை. இருபத்திரண்டு வருடம் காத்திருந்து வந்த பதவி. திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். சனிக்கிழமை மழையில் மலைப்பாதை ஓர் இடத்தில் சரிந்து பஸ் நின்றுபோனது. அந்தச் சேற்றைத் தாண்ட நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியால்தான் முடியும் என்றார்கள். ஒரிஜினலுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பதினோரு வருடமாக அவர் ஜீப்பைக் கேலி செய்த தெரு முழுக்க இப்போது பார்க்கட்டும் என்று காலை ஏழு மணிக்கே ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பினார். கால் பக்கம் ஆறு கேன் தண்ணீர்.

சேற்றை ஜீப் தாண்டியது. பிரமாதமாகத் தாண்டியது! ஆனால் அதற்கப்புறம் வந்த மேட்டில் கொதித்தது, அடுத்த மேட்டிலும் கொதித்தது, எட்டரை மணிக்கு ஒரு வளைவில் பம்ப் சொட்டுவதை விட்டுவிட்டுக் கொட்டவே ஆரம்பித்தது. ஊற்ற ஊற்றக் கொட்டியது. ஆறு கேனும் காலி. பள்ளிக்கூடம் இன்னும் ஒன்பது கிலோமீட்டர்.

மனைவி இறங்கினார். “பெட்டியத் திறங்க.”

“எந்தப் பெட்டி?” என்றார் ஒரிஜினல், அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டு.

“எழுந்திருங்க.”

“அங்க ஓடை இருக்கு பாரு, இன்னும் நாலு கேன் புடிச்சு ஊத்திப் பாக்கலாம். பழசுல இன்னும் உயிர் இருக்கு.”

“அதுல இருக்கும். எனக்குத்தான் இருபத்திரண்டு வருஷம் போயிடுச்சு. கடையில உக்காந்து ஊருக்கெல்லாம் மாத்திரையில தேதி பாத்துக் குடுக்கறீங்களே, நான் காத்துக்கிட்டு இருக்கறதுக்கு ஒரு தேதி கெடையாதா?”

அவர் எழுந்தார். மனசு இளகி எழுந்தாரா, அந்தக் குரலுக்குப் பயந்து எழுந்தாரா என்பது அவருக்கே தெரியாது. ஸ்பேனரை எடுத்தது மனைவிதான். பதினோரு வருடம் டார்ச் அடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவருக்கு எந்த போல்ட் எங்கே இருக்கிறது என்று தெரியாதா? என்ஜின் ஆறியதும் பெல்ட்டைத் தளர்த்தினார், ஃபேனைக் கழற்றினார், பழைய பம்ப்பை இறக்கிக் கல்மேல் வைத்தார், ஒட்டியிருந்த கேஸ்கெட் அட்டையைச் சுரண்டினார். எண்ணெய்க் காகிதம் கிழிந்தது. ஊசி போடும்போது பிள்ளையைப் பார்க்க மாட்டாத தகப்பன் மாதிரி ஒரிஜினல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “மெதுவா, மெதுவா” என்று பள்ளத்தாக்கைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓடைத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு பத்தேகாலுக்கு ஜீப் கிளம்பியது. சூடு காட்டும் முள் பாதியில் ஏறி நின்றது, அப்புறம் அசையவே இல்லை. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அந்த அம்மாள் மடியில் எதுவும் இல்லாமல் கையை வீசி வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். பத்து ஐம்பதுக்குக் கையெழுத்துப் போட்டார். ஜன்னல் வழியே அதைப் பார்த்த ஒரிஜினல் வெளியே நின்றபடியே கை தட்டினார். மனைவிமீது அவருக்கு உண்மையிலேயே பாசம்தான், அதில் டூப்ளிகேட் எதுவும் கிடையாது.

மாலை நாலரைக்கு மனைவி வெளியே வந்தார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. ஜீப்பின் பானெட் திறந்திருந்தது. ஒரிஜினல் கையைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தார்.

“நல்ல வேளை, நீ வர்றதுக்குள்ள வேல முடிஞ்சுது. கழட்டிட்டேன். ஒன்பது கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, புதுசுன்னே சொல்லலாம். எறக்கத்துல வண்டி சூடாகாது, பழசே போதும். கேன் எல்லாம் நெரப்பி வெச்சுட்டேன், ஏறிக்கோ.”

மனைவி முன்சீட்டைப் பார்த்தார். ஆறு கேன்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவரையும் பார்த்தார்.

“நீங்க போயிட்டு வாங்க. இங்க குவார்ட்டர்ஸ் இருக்கு, நான் இருந்துக்கறேன்.”

“எதுக்கு?”

“நானும் தேயாம இருக்கணுமில்ல.”

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. பாதையைச் சரிசெய்துவிட்டார்கள். சனிக்கிழமைதோறும் ஒரிஜினல் மனைவியைப் பார்க்க மலைக்குப் போகிறார், பஸ்ஸில். ஏற்றமான பாதை, ஜீப்புக்கு ஆகாதாம். மற்ற ஆறு நாளும் கடையைச் சாத்திவிட்டு வந்தால் வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. பானெட்டுக்குள் குனிந்தபடி டார்ச்சுக்காகக் கையைப் பின்னால் நீட்டுகிறார், கை வெறுமனே திரும்பி வருகிறது. வலிக்கத்தான் செய்கிறது. “இன்னொரு பம்ப் மட்டும் கெடைக்கட்டும், அன்னைக்கே இத மாட்டிட்டு ஜீப்புலயே வந்து உன்னக் கூட்டிட்டுப் போறேன்” என்று மனைவிக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். போன மாதம் இன்னொன்று கிடைத்துவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஜோடியைப் பிரிக்க மனம் வரவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம்தான் ஜீப்பே இல்லையே! விருந்தாளி வந்தால் விரிக்கலாம் என்று வாங்கி, எந்த விருந்தாளிக்கும் அந்தத் தகுதி போதாமல், பிளாஸ்டிக் உறையோடு மடித்து வைத்த படுக்கை விரிப்பு ஒன்று உங்கள் பீரோவில் இருக்காது. நல்ல நாள் வரட்டும் என்று எடுத்துவைத்து, நல்ல நாள் நாலு வந்து போய், இப்போது உடம்பே நுழையாத சட்டை ஒன்றும் இருக்காது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஆறு கோப்பைகள் வருடக்கணக்காக உங்களையே பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் காது உடைந்த கோப்பையில் காபி குடிப்பதில்லை. பக்கத்து அறையில் இருப்பவரிடம் சொல்ல வேண்டிய ஒரு நல்ல வார்த்தையை, சமயம் வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நீங்கள் பத்திரப்படுத்தி வைக்கவே இல்லை. அப்படித்தானே? சந்தேகம் இருந்தால் இப்போதே எழுந்துபோய் பீரோவைத் திறந்து ஒரு பார்வை பாருங்கள்.

வேண்டாம், உட்காருங்கள். சும்மா சும்மா திறந்தால் கீல் தேய்ந்துவிடும்.