நாலு வயர் அண்ணாச்சி பெண் பார்த்த கதை

ராஜபாளையத்தில் யார் சொன்னதையும் நம்பாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் ‘நாலு வயர்’ அண்ணாச்சிதான். மணி கேட்பார். நீங்கள் சொன்னால், உங்கள் மணிக்கட்டைத் திருப்பி அவரே பார்த்துக்கொள்வார்.

தொண்ணூறுகளில் நூற்பாலை மெஷின்களுக்கு எலக்ட்ரானிக் போர்டு செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். போர்டில் உள்ள சுவிட்ச் ஆன் ஆனபிறகும் கரண்டை எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பது அவர் வேலை. அந்தத் தடை துளியூண்டு. சாதாரணமாக மீட்டரை வைத்தால் மீட்டர் வயரின் தடையே அதைவிடப் பெரிதாக வந்து நிற்கும். தராசுத் தட்டையும் சேர்த்துக் கத்திரிக்காய் நிறுத்த கதைதான். அதனால் கரண்ட் அனுப்ப இரண்டு வயர். சுவிட்சின் காலிலேயே கவ்வவிட்டு வோல்டேஜ் பார்க்க வேறு இரண்டு வயர். பட்டப்பெயர் வந்ததும் இப்படித்தான்.

“நடுவுல ஒரு பய வரப்படாதுலே. வந்தா அவன் கணக்கையும் சேத்துருவான்” என்பார்.

இந்த நியாயம் டெஸ்டிங் டேபிளோடு நின்றிருந்தால் ஊர் பிழைத்திருக்கும். எங்களிடம் போர்டு வாங்கும் மில்லின் மேனேஜர் கோபமாக இருக்கிறார் என்று முதலாளி ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அண்ணாச்சி சைக்கிளை மிதித்து நேரே மில்லுக்கே போய், “கோவமா இருக்கீகளாமே சார், எம்புட்டு?” என்று கேட்டார். அதுவரை மேனேஜருக்குக் கோபமே இல்லையாம். அதற்குப் பிறகு நிறைய இருந்தது.

அப்பேர்ப்பட்டவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் பார்த்தார்கள். முப்பத்தைந்து தாண்டியும் எதுவும் குதிரவில்லை. இதுவாவது அமையட்டும் என்று அவர் அம்மா விரதமெல்லாம் இருந்தார். துணைக்கு நானும் போனேன். கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் ஆயிற்று. பெண்ணுக்குப் பூரண சம்மதம் என்றார் தரகர். அவருக்குப் பெண்ணின் மாமா சொன்னாராம், மாமாவுக்குப் பெண்ணின் அப்பா சொன்னாராம். நடுவில் மூன்று பேர்! அண்ணாச்சி விடுவாரா?

“அண்ணாச்சி, பேசாம இருங்க” என்று தொடையைக் கிள்ளினேன்.

கேட்டால்தானே! பெண்ணைப் பார்த்து, “ஒங்களுக்குச் சம்மதமாம்மா? ஒங்க வாயால சொல்லுங்க. எதுனாலும் சரிதான்” என்றார்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, “எனக்கு டீச்சர் டிரெய்னிங்ல எடம் கெடச்சிருக்கு. படிக்கணும். இப்பம் கல்யாணம் வேண்டாம்” என்றாள்.

“ஏட்டி!” என்று அவள் அப்பா பாய்ந்து எழுந்தார். அண்ணாச்சி குறுக்கே போய் நின்றார்.

“புள்ளைய வையாதீக. கேட்டது நானு. மாப்பிள்ளை கிறுக்குப்பய, அதான் வேண்டாம்னுட்டோம்னு ஊர்ல சொல்லிக்கோங்க. அம்புட்டுப் பேரும் நம்பிருவாக. அவளப் படிக்க மட்டும் வைங்க.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன்.

“வருத்தமா அண்ணாச்சி?”

“இருக்கத்தான செய்யும். அம்மாட்ட எப்படிச் சொல்லன்னு தெரியல” என்றார். செத்த நேரம் கழித்து அவர் முகம் மலர்ந்துவிட்டது. “ஆனா தைரியமாச் சொல்லிச்சு பாத்தியா? நல்லா வரும்லே அந்தப் புள்ள.”

எனக்கு மட்டும் ஒரு தங்கச்சி இருந்திருந்தால், அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அன்றைக்கே அந்த மனுஷனுக்குக் கட்டிக்கொடுத்திருப்பேன்.