கூரைப் பணமும் காசிமேட்டு ஏலமும்

விம்கோ நகர்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்தபின்.

மீஞ்சூரில் இருக்கும் அன்பு மச்சான் நோயலுக்கு, உன் அக்கா புருஷன் லூயிஸ் எழுதுவது. நானும் ரோசியும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். நீயும் தங்கச்சி ஜூடியும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். போன் இருக்கும்போது இவன் ஏன் தபால் எழுதுகிறான் என்று நினைப்பாய். துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் கிரேன் பக்கத்தில் நின்றதில் பாதிக் காது போய்விட்டது. போனில் நான் ரகசியம் பேசினால் தெருமுனை டீக்கடையில் பதில் சொல்கிறார்கள். இதுவோ உன் அக்காவுக்குத் தெரியவே கூடாத சங்கதி.

வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குப் பதிலாக மழைக்கு முன்னால் கான்கிரீட் தளம் போட வைத்திருந்த இரண்டு லட்சத்தையும் எடுத்து ஷேரில் போட்டுவிட்டேன் மச்சான். பாதி சோலார் கம்பெனி, பாதி பேங்கு. என்னோடு வேலை பார்த்த நசீர் பாய் கொஞ்சமாகப் போட்டுப் பார் என்றுதான் சொன்னார், அவர்மேல் பழி போடமாட்டேன். இந்த ஷீட்டுக்குக் கீழே ஒரு மதியம் படுத்துப் பார்த்தவன் எவனும் வெயிலுக்கு நஷ்டம் வரும் என்று நம்பமாட்டான். பேங்குக்காரர்களோ நம் பணத்தை நமக்கே தர நாலு கையெழுத்து கேட்கிறவர்கள், அவர்களா ஏமாறுவார்கள் என்று நினைத்தேன். ரிட்டையர் ஆனதிலிருந்து ரோசிக்குக் கூடை தூக்கக் காசிமேட்டு மீன் ஏலத்துக்குப் போகிறேன் அல்லவா, அவள் மீன் எடுப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் வியாபாரம் வந்துவிட்டதாக ஒரு நினைப்பு. முதல் ஏலத்தில் அவள் கைவைக்கமாட்டாள். வெயில் ஏற ஏற ஏலக்காரர் குரல் இறங்கும், அப்போதுதான் கூடையை நீட்டுவாள். நானும் மார்க்கெட் விழட்டும் என்று காத்திருந்து வாங்கினேன், மறுநாள் இன்னும் விழுந்தது, மலிவாச்சே என்று இன்னும் வாங்கினேன், அதற்கு மறுநாளும் விழுந்தது, அன்றைக்கும் விட்டேனா, இல்லை. காசிமேட்டில் பத்து மணிக்கு மீன் தீர்ந்துவிடும், விலையும் அதோடு நின்றுவிடும். இந்த ஏலத்தில் மீனும் தீரவில்லை, விலையும் நிற்கவில்லை, என் பணம்தான் தீர்ந்தது. போட்ட இரண்டு லட்சம் இன்றைக்கு ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம்.

இதற்கு நடுவில் மேஸ்திரி தண்டபாணி வாராவாரம் டேப்போடு வந்து அளக்கிறார். கம்பி விலை இறங்கட்டும், சிமெண்ட் விலை இறங்கட்டும் என்று அனுப்பிவைக்கிறேன். போன வாரம் அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "இன்னா நைனா, எல்லாம் எறங்கிடுச்சி, நீதான் எறங்க மாட்டேன்ற" என்றார். ரோசி அவருக்கு டீ போட்டுக்கொண்டு நின்றாள். போன மழையில் ஷீட் ஒழுக, அவள் பக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி பூராவும் உட்கார்ந்தபடியே தூங்கினாள். அது கண்முன் வந்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை, மச்சான்.

ஆகவே நாளைக்கு எல்லாவற்றையும் விற்றுவிட முடிவு செய்துவிட்டேன், இதில் மாற்றமில்லை. குறையும் அறுபத்தெட்டாயிரத்தை நீ கைமாற்றாகக் கொடுத்தால் மாதாமாதம் பென்ஷனில் அடைத்துவிடுவேன். இனி ஷேர் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன். அக்காவிடம் மூச்சு விடாதே. மாதா உங்கள் குடும்பத்துக்குக் குடையாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமன் லூயிஸ்

பின்குறிப்பு: கவரை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்க அடுப்படிக்குப் போனேன். ரோசி ஒரு கிண்ணத்தில் தயாராக வைத்திருந்தாள். நான் எழுதும்போது ஒவ்வொரு வார்த்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறேனாம், காது மந்தம் என்பதால் எனக்குத்தான் தெரியவில்லையாம். பக்கத்து வீட்டு ஜானட் வரைக்கும் கேட்டாயிற்று. ரோசி கிண்ணத்தை என் கையில் கொடுத்து, "விக்காத மீன எவனாச்சும் கடல்ல கொட்டுவானா? உப்பு போட்டு காய வெச்சா கருவாடு. அந்த ஷேரயும் அப்டியே காய வெய்யி. பக்கெட்ட புடிச்சிகினு ஒக்கார எனுக்குத் தெரியும், இந்த வாட்டி நீயும் ஒக்காரு" என்றாள். பிறகு அரிசி டப்பாவிலிருந்து எட்டாயிரம் எடுத்து வந்து, விலை இறங்கித்தானே இருக்கிறது, அந்த பேங்கு ஷேரில் இன்னும் கொஞ்சம் எடு என்றாள். அதனால் பணம் வேண்டாம், மச்சான். மழைக்கு முன்னால் இங்கே வரும்போது ஷீட்மேல் போட நல்ல தார்ப்பாயாக ஒன்று வாங்கி வா.